கார்னெட்டில் கொட்ட ஓர் இடம்

தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் இடம் தேடிக் கிளம்பினார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நீலத் தொட்டி என்பது சக்கரம் வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. டிரெய்லர் என்கிற சக்கர வீட்டின் அடிவயிற்றில் கழிப்பறைத் தொட்டி இருக்கும். அதில் குழாயை மாட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் இந்த நீலப் பெட்டிக்குள் இறக்கி, டிரக்கின் பின்கொக்கியில் பூட்டி இழுத்துப் போய்க் கொட்டிவிட்டு வரலாம். காலியாக இருந்தால் ஒரு கையால் தூக்கி டிரக்கில் எறியலாம். நிரம்பிவிட்டால் இரண்டு பெண்களால் அசைக்கக்கூட முடியாது. மணிக்கு ஐந்து மைலுக்கு மேல் இழுக்காதே என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. இறக்கியதைத் திரும்ப டிரெய்லருக்குள் ஏற்றவும் வழி கிடையாது. ஆகவே சக்கர வீடுகளில் குடியிருப்பவர்கள் முதலில் போய்க் கொட்டும் இடம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரும்பி வந்த பிறகுதான் நிரப்புவார்கள்.

ஒன்பது வருடமாக டிரெய்லரில் இருக்கும் லோரெட்டாவுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவளுடைய குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகள் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. படித்த பிள்ளை எழுதியதைப் போய்ச் சரிபார்ப்பார்களா?

தாளின் மேலே பனி மூடிய சிகரத்தின் படம். அதன் கீழே, கார்னெட்டுக்கு வண்டிவீட்டில் வரும் விருந்தினர்கள் கழிவுத் தொட்டியைக் காலிசெய்ய ஐந்து இடங்கள். நகரப் பூங்கா, கிழக்குமுனை பெட்ரோல் நிலையம், ஆற்றங்கரை முகாம், மலையடிவாரத்துச் சுத்திகரிப்பு நிலையம், கணவாய்க்கு அந்தப்பக்கம் உள்ள ஊர். சுற்றுலா அலுவலகத்தில் ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த ப்ரென்னாவுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை அது. இரண்டாயிரம் பிரதி அச்சடித்தார்கள். ஹோக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் ப்ரென்னா. அவள் எழுதிய ஒன்று அச்சாகி வந்ததும் லோரெட்டா அதைப் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரெய்லருக்குள் நாற்றம் வந்துவிட்டது. தொட்டியின் அளவைக் காட்டச் சுவரில் இருக்கும் விளக்குப் பலகை வழக்கம்போல முக்கால்வாசி என்றே காட்டியது. அது வாங்கிய நாளிலிருந்து முக்கால்வாசிதான் காட்டுகிறது, யாரும் அதை நம்புவதில்லை. நாள் எண்ணித்தான் கணக்கு. போன சனிக்கிழமை, வேலை பார்க்கும் தங்கும் விடுதியில் இரட்டை வேலை விழுந்ததில் லோரெட்டா ஒரு முறை தவறவிட்டிருந்தாள்.

விடுதி முதலாளி கிரெட்டா ஹால்வர்சன் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்றாள். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பின்புல்வெளியில் ஒரு கல்யாணம். டிரெய்லர் நிற்பது அதற்கு முப்பது அடி தள்ளி, மரவேலிக்குப் பின்னால்.

"ஒரு மணிக்குள்ள நாத்தமும் இருக்கக் கூடாது, அந்த நீலச் சனியனும் இங்க நிக்கக் கூடாது. இருந்துச்சுன்னா திங்கக்கிழமை வண்டிய எடுத்துடுங்க, லோரெட்டா. இதுல நான் ரெண்டாவது தடவ பேச மாட்டேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது? லோரெட்டாவின் சம்பளத்துக்கு கார்னெட்டில் ஒரு கார் நிறுத்துமிடம்கூட வாடகைக்குக் கிடைக்காது. காட்டுக்குள் நிறுத்தலாம், ஆனால் வனத்துறை விதிப்படி பதினான்கு நாளுக்கு ஒருமுறை நகர்த்த வேண்டும். டிரெய்லரின் டயர்கள் உளுத்துப்போய் மூன்று வருடமாயிற்று. இடம் போனால் வேலையும் போகும். விடுதியில் அறை சுத்தம் செய்பவளுக்கு அந்த இடமே பாதிச் சம்பளம்.

இதில் ப்ரென்னாவின் வயிற்றை எரித்தது ஒன்று உண்டு. டிரெய்லரிலிருந்து இருபதடி தூரத்தில் விடுதியின் சாக்கடைக் குழாய் மூடி இருக்கிறது. அதற்குப் பூட்டு. அதில் டிரெய்லரை இணைத்தால் டிரெய்லர் வீடாகிவிடும், வீடாகிவிட்டால் நகராட்சி சட்டம் பாயும் என்று கிரெட்டா சொல்லிவிட்டாள். தினமும் பதினான்கு கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவி அத்தனையையும் அந்தக் குழாய்க்குள் அனுப்புகிறவள் லோரெட்டாதான். அவளுடையதற்கு மட்டும் அந்தக் குழாயில் இடமில்லை.

கழிவு உறிஞ்சும் லாரிக்காரன் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டான். மறுநாள் சனிக்கிழமை ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தின ஊர்வலம். ஊரில் கால் வைக்க இடமில்லை.

காலை பத்து மணிக்குத் தாயும் மகளும் நிரம்பிய தொட்டியைக் கொக்கியில் பூட்டி நகரப் பூங்காவுக்கு இழுத்துப் போனார்கள். லோரெட்டா ஓட்டினாள். சக்கரம் கல்லில் ஏறிக் கவிழாமல் பார்த்துக்கொள்ள ப்ரென்னா தொட்டியின் பின்னாலேயே நடந்தாள். ஏப்ரலிலிருந்து சனிக்கிழமைகளில் அவளுக்கு எப்போதும் வேறு வேலை இருந்தது. அம்மா மட்டுமே இந்தத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு கிரெட்டா வைத்த கெடுவால் வேறு வழியில்லாமல் வந்திருக்கிறாள்.

லோரெட்டா வழக்கமாகக் கொட்டும் இடத்தைப் பூங்காவில் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கூடாரம், கூடாரத்துக்குள் ஒருவன் எண்ணெய்ச் சட்டியில் மாவைப் பிழிந்து பொரித்துச் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தான். சந்தை பத்து நாளைக்கு. அவன் காலுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் பாயின் ஓரத்தில் இரும்பு மூடியின் விளிம்பு தெரிந்தது.

ப்ரென்னா அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பாயைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான்.

"இத யார்கிட்டயும் சொல்லிராதம்மா," என்றான் மெதுவாக. "எனக்கு நகராட்சி குடுத்தது பதினாலாம் நம்பர். அடியில என்ன இருக்குன்னு யாரும் சொல்லல."

கூடாரங்களின் வரைபடம் போன வாரம் ப்ரென்னாவின் மேசைக்கும் வந்திருந்தது. பதினான்காம் நம்பர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

அடுத்தது பெட்ரோல் நிலையம். அது ஊரின் கிழக்கு முனையில், இரண்டு மைல். போவதற்கு ஒரே வழி கடைத்தெரு.

லோரெட்டா அபாய விளக்கைப் போட்டுவிட்டு நடை வேகத்தில் டிரக்கைக் கடைத்தெருவுக்குள் விட்டாள். பின்னால் நீலத் தொட்டி தடதடத்தது. அதன் பின்னால் ப்ரென்னா. அவளுக்குப் பின்னால் இருபது கார்கள். தேர் நகர்வதைப்போல ஊரே ஒதுங்கி நின்று பார்த்தது. ஐஸ்கிரீம் கடை வாசலில் ஒரு சின்னப் பெண் அப்பாவின் கையை விட்டுவிட்டு வந்து தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"பீ," என்றாள் ப்ரென்னா.

அப்பன்காரன் பிள்ளையை இழுத்துக்கொண்டான். அந்தப் பெண்ணோ நடைபாதையோரமாக இன்னும் கொஞ்ச தூரம் மரியாதையோடு கூடவே வந்தது.

அஞ்சலகத்து முனையில் காண்டேஸ் ஆர்லி நின்றிருந்தாள். சுற்றுலா அலுவலகத்தின் தலைவி. கையில் கூடை நிறையச் சின்னக் கொடிகள். தாளில் மூன்று இடம் போதாது, ஐந்தாக இருந்தால்தான் ஊர் பெரியதாகத் தெரியும் என்று சொன்னவள் அவள்தான். அவள் கண் முதலில் தொட்டியின் மேல் விழுந்தது, பிறகு ப்ரென்னாவின் மேல். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு சட்டென்று திரும்பி, யாரோ ஒரு கிழவருக்குக் கொடியை நீட்டினாள். பார்க்காதது போல இருந்துவிட்டாள். ப்ரென்னாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. பத்தடி நடந்த பிறகுதான், இதற்காகவா லேசானாய் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தவன் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்ததுமே தலையாட்டத் தொடங்கிவிட்டான். வண்டிவீட்டோடு வந்து டீசல் போடுகிறவர்களுக்குத்தான், தொட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இல்லை.

"மே மாசம் நான் போன் பண்ணிக் கேட்டேன். எல்லாரும் வரலாம்னு சொன்னீங்க."

"எங்கேருந்து பேசின?"

"சுற்றுலா ஆபீஸ்லேருந்து."

"அப்ப வேற என்ன சொல்வோம்?" அவன் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, நியாயமாகவே சொன்னான். "ஆபீஸ்லேருந்து கேட்டா ஆமாம்போம். இந்த மாதிரி இழுத்துக்கிட்டு வந்து நின்னு கேட்டிருந்தா அன்னைக்கே இல்லேன்னு சொல்லியிருப்போம்ல."

ப்ரென்னா வெளியே வந்து வெயிலில் நின்றாள். அந்த ஐந்து போன்களும் ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றிலும் அலுவலகத்தின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினாள். எங்களுக்கும் உண்டா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுடைய தாளில் எத்தனை இடம் மிஞ்சியிருக்கும்?

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு முதல் மூன்று வரை என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது. அதைத் தாளில் எழுத இடம் போதவில்லை என்று காண்டேஸ் வெட்டியது நினைவுக்கு வந்தது. கணவாய்க்கு அந்தப்பக்கம் முப்பத்தெட்டு மைல். ஐந்து மைல் வேகத்தில் போனால் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பொண்ணு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

மிச்சம் இருந்தது ஆற்றங்கரை முகாம்.

மணி பதினொன்றே முக்கால். முகாமின் காவல்பொறுப்பில் வெர்ன் என்றொருவர், வைக்கோல் தொப்பியும் கால்ஃப் வண்டியுமாக வாசலிலேயே மறித்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் இல்லை என்று சொல்வதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார்கள். முகாமில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான், விதியை அவர் எழுதவில்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது, வெயில் வேறு இப்படி அடிக்கிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, ஏழாம் எண் இடத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், நெப்ராஸ்கா எண் பலகை போட்ட பெரிய வண்டிவீட்டுக்காரி. கோனி ஷ்ராம் என்று வெர்ன் அவளைக் கூப்பிட்டார். கையில் அதே தாள்.

"இங்க எல்லாரும் கொட்டலாம்னு இதுல போட்டிருக்கே, வெர்ன். அப்ப இது என்ன, பொய்யா?"

லோரெட்டா டிரக்கிலிருந்து இறங்கிவிட்டாள். அந்தத் தாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"அது என் பொண்ணு எழுதினதுங்க. காலேஜ் முடிச்சவ, எங்க குடும்பத்துல முதல் ஆளு. அவ தப்பா எழுத மாட்டா."

கோனி நிதானமாகத் திரும்பி ப்ரென்னாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓ, நீதானா அது. நேத்து சாயங்காலம் இங்க வர்ற வழியில இந்தத் தாள நம்பி அந்த சுத்திகரிப்பு நிலையத்து கேட்டு வரைக்கும் போனோம். பூட்டு. முப்பத்தஞ்சடி வண்டிய அந்த ஒத்தையடிப் பாதையில பின்னாடியே எடுத்தேன், அர மைலு. என் வீட்டுக்காரருக்கு முதுகு சரியில்ல, ஜன்னல் வழியா அழுதுக்கிட்டே வழி சொன்னாரு. எழுதினவ கெடைச்சா என்ன செய்யணும்னு ராத்திரி முழுக்க யோசிச்சு வெச்சிருக்கேன்."

லோரெட்டா வாயைத் திறந்தாள். ப்ரென்னா முந்திக்கொண்டாள். தப்பு தன்னுடையதுதான் என்றாள். போனில் கேட்டு எழுதியது, ஓர் இடத்துக்கும் நேரில் போய்ப் பார்க்கவில்லை, பூங்காவில் இப்போது அதன் மேல் ஒரு பலகாரக் கடை நிற்கிறது என்றாள்.

"ஏன் பாக்கல? தொட்டிய இழுத்துக்கிட்டு நிக்கற, நீயே டிரெய்லர்லதானே குடியிருக்க? உனக்குத் தெரியாதா ஒவ்வொருத்தனும் என்ன சொல்லித் தொரத்துவான்னு?"

ப்ரென்னாவுக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை.

"நான் டிரெய்லர்ல இருக்கேன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது," என்றாள். "இதப் பத்தி ரொம்ப விசாரிச்சா தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

கோனி தாளை மடித்தாள், பிரித்தாள். பிறகு பேரம் பேசினாள். அவளுடைய இடத்துக்கென்று தனியாகச் சாக்கடைக் குழாய் உண்டு, அதற்குச் சேர்த்துத்தான் அவள் வாடகை கொடுத்திருக்கிறாள். அதில் இவர்களுடையதை விட்டுக்கொள்ளலாம். ஆனால் முதலில் ப்ரென்னா தன் கையால் அந்தத் தாளில் தப்பானதையெல்லாம் அடித்து, பக்கத்தில் உண்மையை எழுத வேண்டும். கீழே முழுப்பெயர் போட்டு, எங்கே வேலை பார்க்கிறாள் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவள் முகாமின் துணி துவைக்கும் அறையில் ஒட்டுவாள்.

"எனக்கு உன் வேலைய பத்திக் கவலையில்ல," என்றாள். "இந்த முகாம்ல நாப்பது வண்டி நிக்குது. நாளைக்கு அதுல பாதி கெளம்பும். இங்க வரிசை நீளம்னு இந்தத் தாள நம்பி ஊருக்குள்ள போறவங்க எங்க போவாங்க, அந்தப் பலகாரக் கடைக்கா?"

துணி துவைக்கும் அறையில் ஒட்டினால் சாயங்காலத்துக்குள் யாராவது படமெடுத்துப் போடுவார்கள். அது காண்டேஸிடம் போய்ச் சேரும். சேர்ந்தபின் அவளால் பார்க்காதது போல இருக்க முடியாது.

"வேணாம் ப்ரென்," என்றாள் லோரெட்டா. மகள் சொன்னதைக் கேட்ட பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். "திரும்பிப் போயிடலாம். கிரெட்டாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அம்மா பேசிக்கொள்வது எப்படி இருக்கும் என்று ப்ரென்னாவுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, சம்பளமில்லாமல் நாலு அறை அதிகமாகச் செய்கிறேன் என்பாள். அதற்கும் கிரெட்டா சரி என்று சொல்லிவிடுவாளா என்பது நிச்சயமில்லை.

அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். டிரக்கின் முன்மூடியில் தாளை வைத்து, பூங்காவுக்குப் பக்கத்தில் ஜூலை பன்னிரண்டு வரை இல்லை என்று எழுதினாள். பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில், வண்டியோடு வந்து டீசல் போட்டால் மட்டும். முகாமுக்குப் பக்கத்தில், தங்குகிறவர்களுக்கு மட்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் நாளும் நேரமும், கேட்டுக்கு முன்னால் வண்டி திருப்ப இடமில்லை என்பதும். கணவாயைப் பற்றி மட்டும், இது நான் இன்னும் போய்ப் பார்க்காதது என்று எழுதினாள். சிகரத்தின் படத்துக்கு மேல் இடம் இருந்தது. அங்கே, இந்த ஊரில் உங்கள் படுக்கையை விரிக்கிறவர்களும் இப்படித்தான் தேடுகிறோம் என்று எழுதினாள். அதை யாரும் கேட்கவில்லை. கீழே ப்ரென்னா ஹோக், கார்னெட் சுற்றுலா அலுவலகம்.

கோனி வாசித்தாள். படத்தின் மேல் எழுதியதை இரண்டு முறை வாசித்தாள் போலிருந்தது.

வெர்ன் தொண்டையைச் செருமினார். தங்குகிறவர்கள் தங்கள் சொந்தத் தொட்டியை மட்டும்தான் அந்தக் குழாயில் விடலாம் என்றார்.

"இது என் தொட்டிதான், வெர்ன். இவங்க எனக்கு ஒத்தாசைக்கு வந்தவங்க."

வெர்ன் நீலத் தொட்டியைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் கறுப்பு மையில் ஹோக் என்று பெரிதாக எழுதியிருந்தது. குளியலறையில் காகிதச் சுருள் தீர்ந்திருக்கும், போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு கால்ஃப் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

லோரெட்டா கையுறை மாட்டிக்கொண்டாள். தொட்டியின் குழாயைச் சாக்கடையின் வாய்க்குள் திருகி, அது துள்ளாமல் இருக்க ஒரு கல்லைத் தூக்கி வைத்து, அடைப்பானை இழுத்தாள். தொட்டி காலியாகும் சத்தம் ஆரம்பத்தில் கனமாகவும் போகப்போக மெல்லியதாகவும் கேட்டது. குடிதண்ணீர்க் குழாயைத் தொடாமல், கழுவுவதற்கென்று இருக்கும் குழாயில் ரப்பர் ஹோஸைச் செருகி ப்ரென்னாவிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் தொட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து அலசினார்கள்.

"எத்தன மாசமா?" என்றாள் லோரெட்டா, தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

"ஏப்ரல்லேருந்து."

"ஒரு நா உனக்கு சாண்ட்விச் எடுத்துக்கிட்டு வந்தேன். நீ ரோட்டுக்கே ஓடி வந்து வாங்கிக்கிட்ட. பசியில ஓடி வர்றேன்னு நெனச்சேன்."

ப்ரென்னா ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அம்மா உடனே மன்னித்துவிடுவாள், அதுதான் தாங்காது. தண்ணீர் தெளிவாக வரத் தொடங்கிய பிறகும் அலசிக்கொண்டே இருந்தாள். போதும், தண்ணி வீணாகுது என்று லோரெட்டாதான் குழாயை மூடினாள்.

காலித் தொட்டியை டிரக்கில் எறிந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது. டிரெய்லரின் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்கள். தொட்டியை டிரெய்லருக்கு அடியில் தள்ளி, மேலே தார்ப்பாயைப் போட்டார்கள். கிரெட்டா வேலி ஓரமாக வந்தாள். மூக்கைத் தூக்கினாள். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் சுற்றிய அந்த அரை நிமிடமும் லோரெட்டா கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"புல்வெளியில இருபது நாற்காலி கொறையுது, லோரெட்டா," என்றாள் கிரெட்டா. "கிடங்குலேருந்து எடுத்துப் போட்டுடு. முன்வரிசைக்கு வெள்ளை."

அவ்வளவுதான். இடம் தங்கிவிட்டது.

ப்ரென்னாவின் போன் அதிர்ந்தது. காண்டேஸ். ஒரு படம், தாளின் படம். அதன் கீழே, திங்கள் எட்டு மணிக்கு என் அறைக்கு வா என்று ஒரு வரி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ப்ரென்னா, வருகிறேன் என்று பதில் போட்டாள். மன்னிக்கவும் என்று அடித்து, பிறகு அந்த வார்த்தையை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

கிடங்கில் நாற்காலிகள் பத்துப் பத்தாக அடுக்கியிருந்தன. லோரெட்டா ஒரு பக்கம் தூக்க, ப்ரென்னா மறுபக்கம் தூக்கினாள்.

"அடுத்த சனிக்கிழமை எங்க போறது, ப்ரென்?"

கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அம்மா கேட்டது எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. வரிப் படிவம், டாக்டர் சீட்டு, வனத்துறைக்காரன் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ், எல்லாவற்றுக்கும்.

"தெரியலம்மா," என்றாள்.

லோரெட்டா தலையாட்டினாள். முன்வரிசைக்கு வெள்ளை என்று நினைவுபடுத்திவிட்டு, அடுக்கின் தன் பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசல் இடிக்காமல் பக்கவாட்டில் நடந்து புல்வெளிக்குப் போனார்கள்.